அளவறிந்து கொள்ளல்: உயர்நிலைப்பள்ளி, கல்லூரி நிலைகளில் வளங்குன்றா வளர்ச்சிக் கல்வியும் தமிழ் வகுப்பறையும் - ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் சுற்றுச்சூழல் கல்வி நீதிமன்ற ஆணையின் வழியே கட்டாயப் பாடமாயிற்று. ஆயினும் அப்பாடத்தின் மையமாக இருக்க வேண்டிய வளங்குன்றா வளர்ச்சி என்னும் கருத்து, வகுப்பறையில் மனப்பாடத்திற்குரிய ஒரு வரையறையாகச் சுருங்கியுள்ளது. மறுபுறம், தமிழ் வகுப்பறை இக்கருத்தைச் சங்க இலக்கியத்தின் பெருமைகளுள் ஒன்றாக மட்டுமே எடுத்துரைக்கிறது. இவ்விரு போக்குகளும் ஒரே வினாவைத் தவிர்க்கின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஒரு வளத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம், அந்த அளவை யார் வகுப்பது, அளவு மீறினால் இழப்பவர் யார் என்பதே அவ்வினா. நற்றிணை 226, புறநானூறு 184 ஆகிய பாடல்கள் இவ்வினாவை நேரடியாக எழுப்புகின்றன என்பதும், அவற்றுக்கு மாறான இலக்கியச் சான்றுகளையும் உடன்வைத்துப் பயிற்றும்போதே இக்கல்வி முழுமையடையும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: வளங்குன்றா வளர்ச்சி, சுற்றுச்சூழல் கல்வி, திணைக்கோட்பாடு, நற்றிணை, புறநானூறு, ஏரி, பாடத்திட்டம்.

முன்னுரை

1972ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் மாநாடு சுற்றுச்சூழலை உலக அரசுகளின் பொதுப் பொருளாக்கியது. 1977ஆம் ஆண்டு திபிலீசி நகரில் கூடிய மாநாடு சுற்றுச்சூழல் கல்வியின் நோக்கங்களை வகுத்தது. 1992ஆம் ஆண்டு ரியோ மாநாட்டின் செயல்திட்டம் தன் 36ஆம் இயலைக் கல்விக்கே ஒதுக்கியது. 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டை வளங்குன்றா வளர்ச்சிக்கான கல்வியின் பத்தாண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. இந்திய அரசமைப்பில் 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் சுற்றுச்சூழலைக் காப்பதை அரசின் நெறியாகவும் குடிமக்களின் அடிப்படைக் கடமையாகவும் சேர்த்தது.

இத்துணை நீண்ட பின்புலம் இருந்தும், கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவர் தம் ஊர் ஏரியின் ஆயக்கட்டு எவ்வளவு, அதன் உபரிநீர் எவ்வழியே செல்கிறது என்று கூறும் திறத்தை இக்கல்வியால் பெறுகின்றனரா என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. செய்தி பெறுதலும் கற்றலும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளி எங்கே உண்டாகிறது என்பதையும், அதனைக் குறைப்பதில் தமிழாசிரியரின் பங்கு யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்நாட்டு உயர்நிலைப்பள்ளி, கல்லூரிப் பாடங்களே இதன் எல்லை.

கலைச்சொல்லும் கருத்தும்

ஒரு கருத்து எச்சொல்லால் வழங்கப்படுகிறதோ அச்சொல்லே அக்கருத்தின் முதல் விளக்கமாகிவிடுகிறது. தமிழில் இக்கருத்துக்கு நிலையான வளர்ச்சி, நிலைத்த வளர்ச்சி, நீடித்த நிலையான வளர்ச்சி, பேண்தகு வளர்ச்சி, வளங்குன்றா வளர்ச்சி எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழில் நிலைபேறான அபிவிருத்தி, பேண்தகு அபிவிருத்தி என்பன வழக்கில் உள்ளன. இவற்றை ஒருபொருட் பன்மொழிகளாகக் கொள்வது பொருந்தாது. 'நிலையான வளர்ச்சி' என்னும்போது நிலைத்திருக்க வேண்டியது வளர்ச்சியே என்னும் பொருள் முதலில் தோன்றுகிறது. ஆண்டுதோறும் குறையாமல் பெருகும் பொருளாதாரத்தையும் அச்சொல்லால் குறிக்க இயலும். 'பேண்தகு' என்பது பேணுபவரின் கடமையைச் சுட்டுகிறது. 'வளங்குன்றா' என்னும் அடைமொழியோ, குன்றாதிருக்க வேண்டியது வளம் என்பதை ஐயத்துக்கிடமின்றி முன்வைக்கிறது. வளர்ச்சிக்கு அது ஒரு நிபந்தனையை விதிக்கிறது. இதனாலேயே இக்கட்டுரை அச்சொல்லைக் கைக்கொள்கிறது.

சொல்லைப் போலவே வரையறையும் சுருங்கியே வகுப்பறைக்கு வந்து சேர்ந்துள்ளது. 1987ஆம் ஆண்டு புருன்ட்லாண்ட் தலைமையிலான ஆணையம் அளித்த அறிக்கையே இக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்தல் என்பது அதன் சாரம். இந்த ஒரு தொடரே பாடநூல்களிலும் வினாத்தாள்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அவ்வறிக்கை அத்தொடரை அடுத்து இரு கருத்துகளை வலியுறுத்துகிறது. ஒன்று, தேவை என்பதில் ஏழை மக்களின் இன்றியமையாத் தேவைகளுக்கே முதலிடம் தரவேண்டும் என்பது. மற்றொன்று, சூழலின் ஆற்றலுக்கு எல்லை உண்டு என்பது. முதலாவது பங்கீட்டைப் பற்றியது. இரண்டாவது அளவைப் பற்றியது. இவ்விரண்டையும் நீக்கிவிட்ட பின் எஞ்சும் வரையறை யாரையும் உறுத்துவதில்லை. யாவரும் எளிதில் உடன்படும் ஒரு நல்லெண்ணமாக அது நின்றுவிடுகிறது.

நீதிமன்றத்தின் வழி வந்த பாடம்

எம்.சி.மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கவும், கல்லூரி நிலையில் அவ்வாறு ஆக்குவது குறித்துப் பல்கலைக்கழக மானியக் குழு கருதிப் பார்க்கவும் வழிவகுத்தது. திரையரங்குகளில் சுற்றுச்சூழல் செய்திகளைக் கட்டணமின்றிக் காட்ட வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் பகுதியாகும். தொடர்ந்து பல ஆண்டுகள் ஆணை முழுமையாக நிறைவேறாததால் 2003 டிசம்பரில் நீதிமன்றம் மீண்டும் தலையிட நேர்ந்தது. பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் பட்ட மாணவர் அனைவருக்கும் பொதுவான ஆறுமாதப் பாடத்திட்டத்தை வகுத்தளித்தது.

அப்பாடத்திட்டம் எட்டு அலகுகளைக் கொண்டது. இயற்கை வளங்கள், சூழல் மண்டலங்கள், உயிர்ப்பன்மை, மாசுபாடு, சமூகச் சிக்கல்கள், மக்கள்தொகை என விரிந்து, எட்டாம் அலகு களப்பணியாக அமைகிறது. உள்ளூர் ஆறு, காடு, குன்று போன்றவற்றை ஆவணப்படுத்தல், மாசடைந்த ஓரிடத்தைப் பார்வையிடல், குளம் போன்ற எளிய சூழல் மண்டலத்தை ஆராய்தல் ஆகியன அதில் இடம்பெறுகின்றன. திட்டத்தை வகுத்தோர் களத்தின் தேவையை உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று. எனினும் 50 வகுப்பு மணிகளில் களப்பணிக்கு ஒதுக்கப்பட்டவை 5 மட்டுமே. மதிப்பெண்ணிலோ 100க்கு 25 அதற்கு உரியது. பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நான்கில் ஒரு பங்கு மதிப்பெண்ணைப் பெறவேண்டிய நிலை, களப்பணியை ஒரு சுற்றுலாவாகவோ, ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்தெழுதும் பதிவேடாகவோ மாற்றிவிடும் வாய்ப்பைத் திட்டத்திலேயே உள்ளடக்கியுள்ளது. இது ஆசிரியரின் அக்கறைக் குறைவால் நேரும் குறை மட்டுமன்று. அமைப்பிலேயே உள்ள குறை.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி மாதவ் காட்கில் தலைமையில் அமைந்த குழு வாழிடமும் கற்றலும் என்னும் பொருளில் அளித்த அறிக்கை, இதற்கு மாற்றான ஒரு பார்வையை முன்வைத்தது. சுற்றுச்சூழலைத் தனிப் பாடமாக ஒதுக்காமல் எல்லாப் பாடங்களிலும் ஊடுருவச் செய்தல், மாணவர் தம் வட்டாரத்தை ஆராய்ந்து அறிவை ஆக்குவோராக விளங்குதல் ஆகியன அதன் சாரம். 2023ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. காலநிலை மாற்றமும் ஐக்கிய நாடுகள் அவையின் 17 இலக்குகளும் இன்று பாடப்பொருளாகியுள்ளன. பொருள் புதிதாகியிருப்பினும் முறை மாறாதவரை 17 இலக்குகளும் 17 மனப்பாடத் தொடர்களாகவே நிற்கும். திட்டம் மாறியதனாலேயே கற்பித்தலும் மாறிவிட்டது என்று கொள்வதற்கில்லை.

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப்பாடம்: ஒரு வாய்ப்பு

தமிழ்நாட்டு அரசின் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப்பாடநூல் 'உயிருக்கு வேர்' என்னும் இயலில் நீரை மையப் பொருளாக்கியுள்ளது. நீர் மேலாண்மை பற்றிய உரைநடை, குடபுலவியனார் பாடிய புறநானூற்றுப் பாடல், கந்தர்வனின் 'தண்ணீர்' சிறுகதை ஆகியன ஓரியலில் அடுத்தடுத்து அமைகின்றன. பாடநூல் தொகுப்போரின் நல்ல தெரிவு இது. ஆனால் இம்மூன்றும் தனித்தனியே நடத்தப்பட்டு, தனித்தனி வினா விடைகளாகப் பிரியும்போது அத்தெரிவின் பயன் இழக்கப்படுகிறது.

குடபுலவியனார், பாண்டியன் நெடுஞ்செழியனிடம் உடலுக்கு உணவும், உணவுக்கு நிலமும் நீரும் அடிப்படை என்று காரண காரியமாக எடுத்துரைத்து, பள்ளமான நிலங்களில் நீரைத் தேக்கும்படி வேண்டுகிறார். இது ஆளும் வேந்தனிடம் முறையிடும் பாடல். நீர்நிலை அமைத்தலை அரசின் பொறுப்பாக வற்புறுத்துவது. கந்தர்வனின் கதையிலோ, வறண்ட ஊரின் பெண்கள் ஊர் வழியே வரும் தொடர்வண்டியில் ஏறிக் குடத்தில் நீர் பிடிக்கின்றனர். இந்திரா என்னும் பெண் நீர் பிடித்துக்கொண்டிருக்கையில் வண்டி புறப்பட்டுவிடுகிறது. அவள் நீர்க்குடத்துடன் நெடுந்தொலைவு நடந்து திரும்புகிறாள். அரசின் கடமை நிறைவேறாத இடத்தில் அச்சுமை யார் தலையில் ஏறுகிறது என்பதற்கு இக்கதை விடையளிக்கிறது. பாடலையும் கதையையும் எதிரெதிரே வைத்து, "அன்று புலவர் வேந்தனிடம் கேட்டது இந்திராவின் ஊருக்கு ஏன் வந்து சேரவில்லை?" என்று ஆசிரியர் ஒரு வினாவை எழுப்புவாராயின், வளங்குன்றா வளர்ச்சியின் பங்கீட்டுக் கூறு முழுவதும் பதினான்கு வயது மாணவருக்கு விளங்கிவிடும். இதற்குப் புதிய பாடமோ கூடுதல் நேரமோ தேவையில்லை. இருக்கும் பாடங்களை இணைத்துப் படிக்கும் முறையே தேவை.

பெருமிதமாகச் சுருங்கும் திணைக்கோட்பாடு

கல்லூரி நிலையில் சிக்கல் வேறு வகையானது. சங்க இலக்கியத்தில் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு என்னும் பொருளில் கருத்தரங்கக் கட்டுரைகள் பெருகியுள்ளன. அவற்றின் பொது அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஐந்திணைப் பாகுபாடு எடுத்துரைக்கப்படும். முதல், கரு, உரிப்பொருள்கள் பட்டியலிடப்படும். மரத்தையோ பறவையையோ போற்றும் பாடல்கள் சில காட்டப்படும். பண்டைத் தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்னும் முடிவு வரும். இம்முடிவு தவறென்பதற்கில்லை. ஆனால் ஆய்வின் தொடக்கத்திலேயே முடிவு தெரிந்திருக்கும்போது அங்கு ஆய்வு நிகழ்வதில்லை.

இரு எடுத்துக்காட்டுகள் இதனைத் தெளிவாக்கும். முதலாவது, சிலப்பதிகாரக் காடுகாண் காதை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று அங்குக் கூறப்படும் செய்தி, காலநிலை மாற்றத்தை அன்றே உணர்ந்தமைக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஆனால் அப்பகுதி வேனிற்காலத்துக் கதிரவனின் வெம்மையால் நேரும் திரிபையே பேசுகிறது. மழை பெய்தால் நிலம் மீளும். மனிதர் எரிக்கும் நிலக்கரியாலும் எண்ணெயாலும் வளிமண்டலத்தின் தன்மையே மாறிவரும் இன்றைய நிலை அத்தகையதன்று. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது காப்பியத்துக்கும் அறிவியலுக்கும் ஒருங்கே இழைக்கும் பிழை. மாறாக, மீளும் திரிபு எது, மீளாத் திரிபு எது என்று மாணவரை வேறுபடுத்தச் செய்தால் அதே பகுதி மிகச் சிறந்த பாடமாகும்.

இரண்டாவது, கருப்பொருட் பட்டியல். தொல்காப்பியம் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருளாகச் சுட்டுகிறது. பிற்கால நம்பியகப்பொருள் அதனைப் பதினான்காக விரித்து நீர், ஊர், பூ ஆகியவற்றோடு உயர்ந்தோர், உயர்ந்தோர் அல்லாதோர் என்னும் மக்கட் பிரிவையும் சேர்க்கிறது. ஒரு நிலத்தின் இயல்பை விளக்கும் பட்டியலில் மேல் கீழ் என்னும் அடுக்கு இடம்பெற்றுவிட்டது. நிலத்தின் வளம் அதன் மக்களிடையே எவ்வாறு பங்கிடப்பட்டது என்னும் வினாவைத் தொடங்குவதற்கு இதைவிடத் தக்க இடம் வேறில்லை. ஆயினும் இப்பட்டியல் வகுப்பறையில் ஒப்பிப்பதற்குரிய ஒன்றாகவே பெரிதும் நின்றுவிடுகிறது.

அளவைப் பேசும் இரு பாடல்கள்

இயற்கையைப் போற்றுதல் வேறு. வளத்தைக் குன்றாமற் பயன்கொள்ளுதல் வேறு. எடுக்காமலே வாழ்தல் மனிதர்க்கு இயலாது. ஆகவே எடுத்தலின் எல்லையே இக்கல்வியின் நடுப்பொருளாதல் வேண்டும். இவ்வகையில் இரு பாடல்கள் தனிக் கவனத்துக்குரியன.

நற்றிணை 226ஆம் பாடல் கணிபுன்குன்றனார் பாடியது. மருந்துக்காகவே ஆயினும் மரம் பட்டுப்போகும்படி அதிலிருந்து கொள்ளமாட்டார். தம் வலிமை அழியுமாறு தவம் செய்யமாட்டார். குடிகளின் வளம் கெடும்படி மன்னர் பொன் கொள்ளமாட்டார் என மூன்று உலகியல் நெறிகளைப் பாடல் அடுக்கிச் சொல்கிறது. சுற்றுச்சூழல் கட்டுரைகள் முதல் நெறியை மட்டும் எடுத்துக்காட்டி, மரம் காத்தலுக்கான சான்றாக்கி விட்டுவிடுகின்றன. பாடலின் அமைப்பு அதனினும் விரிந்தது. மரம், உடல், நாடு என்னும் மூன்றும் ஒரே விதிக்குள் வருகின்றன. எடுப்பதும் உண்டு, எடுக்கப்படுவது உயிரோடிருக்க வேண்டிய கட்டாயமும் உண்டு. மேலும் இது பிரிவால் வருந்தும் தலைவியின் கூற்று. பொருளீட்டச் சென்ற தலைவன், ஈட்டும் பொருளுக்கு ஓர் அளவு உண்டென்பதை அறியாதவனாய்த் தன்னைச் சார்ந்து வாழும் உயிரை விட்டு நீங்கினான் என்பதே அவளது துயரம். உலகம் அறிந்த நெறியை அறிந்தவனே மீறினான். நெறியை அறிதலுக்கும் அதன்படி ஒழுகுதலுக்கும் இடையிலான தொலைவையே பாடல் பேசுகிறது. சுற்றுச்சூழல் கல்வி எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கலும் இதுவே. பாடலை ஒரு நீதிவாக்கியமாகத் துண்டிக்கும்போது இத்தொலைவு மறைந்துவிடுகிறது.

புறநானூறு 184ஆம் பாடலைப் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பாடினார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி யானைக்கு அளித்தால் மிகச் சிறிய நிலத்தின் விளைச்சலும் பல நாளுக்கு வரும். யானை தானே புகுந்து உண்ணத் தொடங்கினால் நூறு வயல்களாயினும் அதன் வாயிற் புகுவதைவிடக் காலால் அழிவது மிகுதி. அறிவுடைய வேந்தன் இறைகொள்ளும் நெறியறிந்து கொண்டால் நாடும் தழைக்கும், அவனும் பெருஞ்செல்வம் பெறுவான். தரம் அறியாத சுற்றத்தோடு கூடி அன்பின்றிக் கொண்டால் தானும் உண்ணான், உலகமும் கெடும். வரி பற்றிய இப்பாடல், வள நுகர்வில் பயனாகச் சேர்வதையும் வீணாக அழிவதையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. வேண்டிய மீனைவிட வேண்டாத உயிர்களை மிகுதியாக வாரி எடுக்கும் இழுவலை மீன்பிடிப்பு, பாசனத்துக்குச் சேர்வதைவிட வழியில் இழக்கப்படும் கால்வாய் நீர் ஆகியவற்றைப் பொருளியல், உயிரியல் மாணவர் இப்பாடலைக் கொண்டே விவாதிக்க இயலும். சூழும் சுற்றத்தாரின் ஆரவாரம் வேந்தனின் அளவறிவைக் கெடுக்கும் என்னும் எச்சரிக்கை, முடிவெடுப்போரைச் சூழ்ந்திருப்பவர் யார் என்னும் இன்றைய வினாவுக்கும் இட்டுச்செல்கிறது.

எதிர்ச்சான்றுகளும் பாடமே

இவ்விரு பாடல்களை மட்டும் கற்பித்தால் அதுவும் மற்றொரு பெருமிதமாகிவிடும். எனவே இவற்றுக்கு மாறானவற்றையும் உடன்வைத்தல் இன்றியமையாதது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, காட்டை அழித்து நாடாக்கியதையும் குளங்களைத் தோண்டி வளம் பெருக்கியதையும் கரிகாலனின் சிறப்புகளாக ஒரே மூச்சில் பாடுகிறது. நீர்நிலை ஆக்கமும் காட்டழிப்பும் அங்கு ஒரே புகழின் இரு பகுதிகள். நெட்டிமையார் பாடிய புறநானூறு 15ஆம் பாடல், முதுகுடுமிப் பெருவழுதி பகைவரின் விளைவயல்களில் தேரைச் செலுத்தியதையும், அவர்தம் காவல் மிக்க நீர்நிலைகளில் தன் களிறுகளைப் படியச் செய்ததையும் போற்றுகிறது. தன் நாட்டின் நீர்நிலை வளம். பகைநாட்டின் நீர்நிலை அழித்தற்குரிய இலக்கு. வளத்தைக் காக்கும் அறம் எந்த எல்லையோடு நின்றது என்பதை இப்பாடல்கள் காட்டுகின்றன. தன் ஊரின் கழிவை அடுத்த ஊரின் எல்லையில் கொட்டும் இன்றைய வழக்கத்தோடு இதனை ஒப்பிடுதல் மாணவர்க்கு அரிதன்று.

உத்திரமேரூர்க் கல்வெட்டும் இவ்வாறே இருபுறமும் வைத்துப் படிக்கத்தக்கது. முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் சாசனங்கள் அவை. குடவோலை முறையில் தெரிவு செய்யப்படும் வாரியங்களுள் ஏரிவாரியம் ஒன்று. அதன் உறுப்பினர் அறுவர். முன்னர் வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி அவருடைய உறவினரும் தெரிவுக்குத் தகுதியற்றவர் என்பது பொதுவளத்தைப் பேணுவதில் பொறுப்புக்கூறலின் முதன்மையை உணர்த்துகிறது. அதே சாசனம் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் தகுதிகளாக விதிக்கிறது. நிலமற்றோரும் பிற சமூகத்தாரும் பெண்களும் ஏரியைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இல்லை. மண் சுமந்து கரையை உயர்த்தியோரும் மடை திறந்தோரும் பெயரற்றவராயினர். பிற்காலத்தில் பல ஊர்களில் நீர்க்கட்டிகளாகப் பணியாற்றியோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரே. ஊரார் உழைப்பால் ஏரி பேணிய குடிமராமத்து முறையை 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் தண்டனைக்குரிய கடமையாக்கியது. உழைப்பு யாருடையது, உரிமை யாருடையது என்னும் வினாவைக் கேளாமல் பழைய நீர் மேலாண்மையைப் புகழ்வது அரைக் கல்வியேயாகும்.

ஏரி என்னும் பாடநூல்

மேற்கண்ட வாசிப்பு வகுப்பறைக்குள்ளேயே முடிந்துவிடலாகாது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளதாகக் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலான பள்ளி, கல்லூரிகளுக்கு நடந்து செல்லும் தொலைவிலோ சிறிது பயணத் தொலைவிலோ ஓர் ஏரியோ, கண்மாயோ, குளமோ இருக்கும். உயர்நிலைப்பள்ளி மாணவர் அதன் வரத்துக்கால், மடை, கலிங்கு ஆகியவற்றைக் கண்டு வரைபடமாக்கலாம். கல்லூரி மாணவர் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் அதன் பரப்பைக் கண்டு, இன்றுள்ள பரப்போடு ஒப்பிடலாம். மீன்குத்தகை யாருக்குரியது, வண்டல் மண் எங்கே செல்கிறது, கடைமடைக்கு நீர் சேர்கிறதா என்பன விவசாயிகளிடமும் மீன்பிடிப்போரிடமும் கேட்டறியத்தக்கவை. எடுப்பது எவ்வளவு, மீள்வது எவ்வளவு, முடிவெடுப்பவர் யார், இழப்பவர் யார் என்னும் நான்கு வினாக்களும் பாடலுக்கும் ஏரிக்கும் பொதுவாதல் வேண்டும்.

நகரத்து மாணவர்க்கும் இவ்வாய்ப்பு உண்டு. சென்னையின் வள்ளுவர் கோட்டம் 1976ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அது எழுந்த இடம் முன்னாளில் நுங்கம்பாக்கம் ஏரி பரந்திருந்த நிலம். திருக்குறளின் 1330 குறட்பாக்களும் அங்குக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. மழையின் இன்றியமையாமையைக் கூறும் வான்சிறப்பு அதிகாரமும் அவற்றுள் அடங்கும். மழைநீரைத் தாங்கியிருந்த ஏரி மறைந்த நிலத்தில் மழையின் பெருமை கல்லெழுத்தாக நிற்கிறது. இலக்கியத்தைப் போற்றுவதற்கும் அதன் பொருளை வாழ்வில் ஏற்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க, மாணவரை அங்கு அழைத்துச் சென்று நிறுத்துவதே போதும்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் மற்றோர் எடுத்துக்காட்டு. 2022ஆம் ஆண்டு அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அச்சதுப்புநிலத்தின் ஒரு பகுதியிலேயே பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பல ஆண்டுகளாக இயங்கிவந்துள்ளது. உலக அளவிலான மதிப்பும் நகரத்தின் கழிவும் ஒரே நிலத்தில் சந்திக்கின்றன. 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் இங்கு விவாதத்துக்குரியது. நீர்நிலை மீட்கப்பட வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் கரையோரக் குடிசையும் நீர்ப்பரப்பின் மேலெழுந்த பெருங்கட்டடமும் சட்டத்தின் முன் ஒரே வகையில் நடத்தப்படுகின்றனவா, அகற்றப்படுவோர் மீண்டும் எங்கே குடியமர்கின்றனர் என்பன எளிய விடையற்ற வினாக்கள். எளிய விடையற்ற வினாக்களை மாணவர் முன் வைப்பதற்குத் தயங்கும் கல்வி, மரக்கன்று நடும் விழாவோடு நின்றுவிடுகிறது.

கல்வி வளாகமும் இவ்வாய்வுக்கு விலக்கன்று. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டுக் கட்டடங்களுக்கு 2003 முதல் கட்டாயம். வளாகத்தில் உள்ள அமைப்பு இயங்குகிறதா, ஆழ்துளைக் கிணறு ஆண்டுதோறும் எவ்வளவு ஆழத்துக்குச் செல்கிறது, விடுதியின் கழிவுநீர் எங்கே சேர்கிறது என்று மாணவர் கேட்கும் உரிமை பெற்றாலன்றி, வகுப்பறையில் சொல்லப்படும் வளங்குன்றா வளர்ச்சி நம்பகம் பெறாது.

தடைகளும் மறுமொழிகளும்

இம்முறைக்கு எழக்கூடிய தடைகள் மூன்று. முதலாவது, இலக்கியம் அறிவியலன்று என்பது. இது மெய்யே. நிலத்தடி நீர்மட்டத்தைப் பாடலால் அளக்கவியலாது. ஆனால் அளந்த பின், எவ்வளவு எடுப்பது நேரியது என்னும் முடிவு அளவுகோலால் மட்டும் வருவதில்லை. அங்கே மதிப்பீடு தேவைப்படுகிறது. மதிப்பீடுகளை ஆராய்வது மொழிப்பாடத்தின் இயல்பான பணி. தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் இயற்பியல், வணிகவியல், கணினி எனத் துறை வேறுபாடின்றி மாணவரில் பெரும்பாலோர் பகுதி 1 தமிழ் பயில்கின்றனர். அனைவரையும் ஒருசேரச் சந்திக்கும் வாய்ப்புப் பெற்றவர் தமிழாசிரியரே.

இரண்டாவது, எதிர்ச்சான்றுகளைக் காட்டினால் மாணவரிடம் மரபின்மீது மதிப்புக் குறையும் என்பது. இது மரபின் வலிமையைக் குறைத்து மதிப்பதாகும். அளவற்ற பொருளாசையை ஒரு தலைவியின் வாயிலாகவும், அளவற்ற வரியை வேந்தன் முன்னிலையிலும் கண்டித்த மரபு, தன்மீது எழும் வினாக்களையும் தாங்கவல்லதே. மூன்றாவது, தேர்வு முறை இதற்கு இடந்தராது என்பது. இத்தடை உண்மையானது. வரையறை கேட்கும் வினா நீடிக்கும்வரை வரையறையே படிக்கப்படும். ஒரு பாடலையும் ஓர் ஊர்ச் சிக்கலையும் தந்து இரண்டையும் இணைத்து எழுதச் செய்யும் வினாக்களை வினாத்தாள் அமைப்போரான ஆசிரியர்களே உருவாக்க இயலும். இம்மாற்றத்துக்கு நீதிமன்ற ஆணை தேவையில்லை.

முடிவுரை

சுற்றுச்சூழல் கல்வியை நீதிமன்றம் கட்டாயமாக்கியது. பல்கலைக்கழக மானியக் குழு பாடமாக்கியது. ஐக்கிய நாடுகள் அவை இலக்குகளாக்கியது. இவை அனைத்தும் நிகழ்ந்த பின்னரும் அக்கல்வியின் மையவினா வகுப்பறைக்கு வெளியிலேயே நிற்கிறது. வரையறையை ஒப்பித்தலும் பழம்பெருமை பேசுதலும் அவ்வினாவைத் தவிர்ப்பதற்கான இரு வழிகளாகவே அமைந்துள்ளன. அளவையும் பங்கீட்டையும் முன்னிறுத்தும் வாசிப்பே இதற்கு மாற்று. நற்றிணை 226, புறநானூறு 184 ஆகியவற்றைப் பட்டினப்பாலை, புறநானூறு 15, உத்திரமேரூர்ச் சாசனம் ஆகியவற்றோடு இணைத்துக் கற்பித்தலும், அவ்வினாக்களை அருகிலுள்ள நீர்நிலையிலும் கல்வி வளாகத்திலும் பொருத்திக் காணச் செய்தலும் உயர்நிலைப்பள்ளி, கல்லூரி இரண்டிலும் உடனடியாகத் தொடங்கக்கூடியவை.

மரம் பட்டுப்போகும்படி மருந்து கொள்ளலாகாது என்பதை உலகம் நெடுங்காலமாக அறிந்தே இருக்கிறது. அறிந்தும் மீறுவது ஏன் என்பதே நற்றிணைத் தலைவி எழுப்பிய கேள்வி. அக்கேள்வியை மாணவர் தம் ஊர் ஏரியின் கரையில் நின்று கேட்கும் நிலையை உருவாக்குவதே இக்கல்வியின் பயனாகும்.